ஆவாரம்பூ கஷாயம்: எலியில் சோதிக்கும்போது எதைச் சோதிக்கிறோம்?

அணைக்கட்டு_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஃபார்ம் மருந்தியல் படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ஆவாரம்பூவை எடுத்திருக்கிறேன். எங்க ஊர்ப் பக்கம் சர்க்கரை இருக்கிற வீட்டில் எல்லாம் காலையில் அடுப்பில் கொதிப்பது இதுதான். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லிக்கொண்டே குடிப்பார்கள்.

இதுவரை செய்தது: பூவை நிழலில் உலர்த்திப் பொடித்து 70 சதவீத எத்தனாலில் சாறு இறக்கியாச்சு. குழாய்ச் சோதனையில், மாவுச்சத்தைச் செரிக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியை நன்றாகவே தடுக்கிறது, அதே வேலை செய்யும் அகார்போஸ் மாத்திரைக்குப் பக்கத்தில் வருகிறது. அடுத்து எலி. எலிக்குச் சர்க்கரை வரவைக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி கிலோவுக்கு 55 மி.கி., குழுவுக்கு 6 எலி, சாறு கிலோவுக்கு 200 மற்றும் 400 மி.கி., ஒப்பீட்டுக்கு கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை, 28 நாள். நூலகத்தில் இருக்கிற பழைய ஆய்வேடுகள் எல்லாம் இந்த அச்சில்தான் இருக்கின்றன.

என் கேள்வி இதுதான். இந்த எண்கள் நல்லா வந்தால் எங்க பெரியம்மாவிடம் நான் என்ன சொல்ல முடியும்? அவங்க மெட்ஃபார்மினை ராத்திரி மட்டும் போட்டுக்கொண்டு, காலை மாத்திரைக்குப் பதிலாகப் பூத்தண்ணி குடிக்கிறாங்க. "நீதான் படிக்கிறியே, சோதிச்சுச் சொல்லு" என்று என்னையே கேட்கிறாங்க.

லாங்குபஜார்_சரக்கு:

நல்ல வேலைம்மா. நாங்க மூணு தலைமுறையா நாட்டு மருந்துக் கடை. ஒரு காலத்துல ஆவாரம்பூவைப் பொங்கலுக்கும், பொம்பளைங்க குளியல் பொடி அரைக்கவும்தான் கேப்பாங்க. இப்ப சர்க்கரைக்கே கிலோ கணக்குல வாங்கிக்கினு போறாங்க. சரக்கைப் பார்த்து வாங்கு. பூ பொன் மஞ்சளா, கையில எடுத்தா காகிதம் மாதிரி சரசரன்னு இருக்கணும். பழுப்பேறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருந்தா ஈரத்தோட மூட்டை கட்டினது. பூசணம் வாசனை வரும், விடு.

காட்பாடி_ஆய்வகம்:

மாணவிக்கு: கேள்வி சரியான கேள்வி. பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அமைலேஸ் முடிவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் குரோம் வருவதற்கு முன் தோலை எதில் பதனிட்டார்கள் என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். ஆவாரம்பட்டை. நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிலுக்கே கை கொடுத்த செடி இது. பட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டும், அதனால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. அமைலேஸும் ஒரு புரதம்தான். குழாய்க்குள் டானின் போனால் எந்த நொதியையும் பிடித்து இழுத்து அடியில் உட்கார வைக்கும். அதை "நொதித் தடுப்பு" என்று நாம் எழுதிவிடுகிறோம். பூவில் பட்டை அளவுக்கு டானின் கிடையாது, ஆனால் இல்லாமலும் இல்லை.

எனவே சாற்றைப் பாலிவினைல் பாலிபைரோலிடோன் தூளோடு கலக்கி வடித்து, டானினை நீக்கிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். தடுப்பு அப்படியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. காணாமல் போனால் நீங்கள் அளந்தது தோல் பதனிடும் குணம். இன்னொன்று, சாற்றுக்கே மஞ்சள் பழுப்பு நிறம் இருக்கிறது. டி.என்.எஸ். என்ற நிறச் சோதனையில் 540 நானோமீட்டரில் படிக்கிறபோது நொதி சேர்க்காத சாற்றுக் குழாய் ஒன்றைத் தனியாக வைத்துக் கழித்தீர்களா?

அணைக்கட்டு_மாணவி:

நிறத்துக்குத் தனிக் குழாய் வைத்தேன் சார். டானின் நீக்கிச் செய்யவில்லை, இந்த வாரமே செய்கிறேன். எலி பற்றியும் சொல்லுங்க.

சத்துவாச்சாரி_ரிடையர்டு:

எலியெல்லாம் எதுக்குப்பா? எனக்கு சர்க்கரை வந்து ரொம்ப வருஷம் ஆவுது. சிறுகுறிஞ்சான் இலையை நாலு மென்னுட்டு ஒரு கை சர்க்கரையை வாயில போட்டுப் பாருங்க, மணலைத் தின்ற மாதிரி இருக்கும். நாக்குலயே சர்க்கரையைக் கொல்லுது, ரத்தத்துல கொல்லாதா?

காட்பாடி_ஆய்வகம்:

ஐயா, நாக்கில் நடப்பது முழு உண்மை. 1887-லேயே ஊட்டியில் அரசு கொய்னா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் அந்த இலையிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்து எழுதியிருக்கிறார். நாக்கின் இனிப்பு உணரும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானே விலகுகிறது. ஆனால் இனிப்பு தெரியாமல் போவதற்கும் ரத்தத்தில் குளுக்கோஸ் குறைவதற்கும் நேர்க் கோடு கிடையாது. இனிப்புத் தெரியாத வாயால் ஒரு லட்டைத் தின்றாலும் அந்த லட்டு ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

ரத்தச் சர்க்கரைக்கும் அது உதவுமா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும், பார்த்தும் இருக்கிறார்கள். 1990-ல் சென்னைப் பல்கலைக்கழகக் குழு இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு சேர்த்து, சிறுகுறிஞ்சான் சாறு தினம் 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தது. சர்க்கரை இறங்கியது, 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம் மண்ணில் நடந்த பெரிய வேலை, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று சீட்டுக் குலுக்கி, இரண்டு தரப்பும் அறியாமல் கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல அது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அடுத்த படியைப் பெரிய அளவில் நாம் ஏறவில்லை. எலி ஆய்வேடுகள் மட்டும் அலமாரியில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. எனக்கு வருத்தம் அதில்தான்.

ஆரணி_சித்த_மருத்துவர்:

வேங்கை மரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிதாக நோய் கண்ட 97 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வேங்கையைக் கொடுத்துப் பார்த்து 1998-ல் வெளியிட்டது. 12 வாரத்தில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதுவும் ஒப்பீட்டுக் குழு இல்லாத திறந்த சோதனைதான். ஆனாலும் மனிதரில் பார்த்தார்கள்.

இன்னொரு கருத்து. எங்கள் முறையில் சர்க்கரைக்குத் தனி ஆவாரம்பூ வழக்கம் குறைவு. ஆவாரைக் குடிநீர் என்று ஒரு கூட்டு இருக்கிறது. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை சேர்த்துக் குடிநீராகக் காய்ச்சுவோம். எத்தனாலில் யாரும் காய்ச்சுவதில்லை. மாணவி எத்தனால் சாறு எடுத்ததன் காரணம் புரியவில்லை. மக்கள் குடிப்பது ஒன்று, ஆய்வகம் சோதிப்பது வேறொன்று என்றால் அந்த முடிவு எங்களுக்கும் உதவாது, மக்களுக்கும் உதவாது.

காட்பாடி_ஆய்வகம்:

டாக்டர் சொன்னதுதான் இந்த இழையின் மையம். நான் சொல்ல வந்ததும் அதுவே.

கணக்கைப் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. கொடுத்தால், உடல் பரப்பு விகிதப்படி 6.2-ஆல் வகுக்க வேண்டும். மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 65 மி.கி. அறுபது கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 3.9 கிராம் சாறு. நூறு கிராம் பூவுக்கு இருபது கிராம் சாறு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், தினம் ஏறக்குறைய 20 கிராம் காய்ந்த பூ. காய்ந்த ஆவாரம்பூ எவ்வளவு லேசு என்று கடைக்கார அண்ணனுக்குத் தெரியும். இருபது கிராம் என்றால் ஒரு பெரிய கிண்ணம் தளும்பும். அந்த அளவை யாரும் தினம் குடிப்பதில்லை.

தலைகீழாகப் போடுங்கள். பெரியம்மா ஒரு வேளைக்கு 5 கிராம் பூ போடுகிறார் என்றால் அதிலிருந்து தண்ணீரில் இறங்குவது சுமார் 1 கிராம். கிலோவுக்கு 17 மி.கி. போல. 6.2-ஆல் பெருக்கினால் எலிக்குக் கிலோவுக்குச் சுமார் 100 மி.கி. அப்படியானால் உங்கள் ஆய்வில் இருக்க வேண்டிய முதல் குழு, கொதிநீர்க் கஷாயச் சாறு 100 மி.கி. குடிக்கும் அளவில் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அந்த ஒரு குழு பதில் சொல்லும். எத்தனால் சாறு 400 வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் அதை மட்டும் சோதித்துவிட்டு "பாரம்பரியப் பயன்பாடு நிரூபணம்" என்று முடிவுரை எழுதாதீர்கள்.

அடுத்து ஸ்ட்ரெப்டோசோடோசின் 55. அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் போய் அதையே அழிக்கிற பொருள். ஊசி போட்ட மறுநாள் காலை கூண்டைப் பார்த்தாலே தெரியும். அடியில் போட்ட உமி சொதசொதவென்று நனைந்திருக்கும், தண்ணீர்ப் புட்டி காலியாக இருக்கும். 72 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 250-க்கு மேல் போனதைத்தான் குழுவில் சேர்ப்போம். சில எலிகள் 400, 450 காட்டும். அந்த நிலையில் இன்சுலின் சுரக்க ஆளே மிச்சமில்லை. கிளிபென்கிளமைடு வேலை செய்வதோ பீட்டா செல்லைத் தட்டி எழுப்பித்தான். எழுப்ப ஆளே இல்லாத வீட்டில் அது 450-ஐ 110-க்குக் கொண்டு வந்ததாக ஒரு அட்டவணை சொன்னால், நான் அடுத்த பக்கம் புரட்டமாட்டேன்.

பெரியம்மாவுக்கு இருப்பது இரண்டாம் வகை. அதற்குக் கொஞ்சமாவது நெருங்கி வரும் மாதிரி வேண்டும் என்றால், ஸ்ட்ரெப்டோசோடோசினுக்குப் பதினைந்து நிமிடம் முன் நிகோடினமைடு கொடுத்துப் பீட்டா செல்லில் ஒரு பகுதியைக் காப்பாற்றும் முறை இருக்கிறது. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து, பிறகு குறைந்த அளவு, 35 மி.கி. போல, ஊசி போடும் முறை இன்னும் நல்லது, நாள்தான் கூடப் பிடிக்கும். எதுவானாலும் சிட்ரேட் பஃபரை பி.எச். 4.5-ல் பனிக்கட்டியில் வைத்து, கலந்த உடனே போட வேண்டும், வைத்திருந்தால் மருந்து சிதைந்துவிடும். அன்று ராத்திரி குளுக்கோஸ் தண்ணீர் வைக்க மறந்தால் தாழ்சர்க்கரையில் எலி போய்விடும்.

சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யை 28 நாளில் அளக்கப் போகிறீர்களா? மனிதச் சிவப்பணுவுக்கு 120 நாள் ஆயுள் என்பதால்தான் அது நமக்கு மூன்று மாதக் கணக்குச் சொல்கிறது. எலிக்கு அதில் பாதிதான். 28 நாளில் வரும் எண் பாதிக் கதைதான் சொல்லும்.

குடியாத்தம்_மருமகள்:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கணும். எங்க மாமியார் ஆவாரம்பூ இல்லை, நித்தியகல்யாணிப் பூவும் இலையும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறாங்க. பக்கத்து வீட்டில் சொன்னாங்களாம். தோட்டத்திலேயே இருக்கு. இதுவும் சோதிச்சதுதானா?

காட்பாடி_ஆய்வகம்:

அக்கா, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

சோதித்ததுதான், அதனால்தான் சொல்கிறேன். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், ஜமைக்காவில் சர்க்கரைக்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இந்த இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். வாய் வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்தார்கள். நாம் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிற இந்த நித்தியகல்யாணிச் செடிக்குள் இருப்பது புற்றுநோய் வார்டில் அளந்து அளந்து ஏற்றுகிற சரக்கு. அதைத் தினம் வெறும் வயிற்றில் அளவில்லாமல் குடிக்கக் கூடாது. மாமியாருக்கு ஒரு ரத்த அணு எண்ணிக்கைச் சோதனையும் எடுத்துவிடுங்கள்.

குடியாத்தம்_மருமகள்:

ரொம்ப நன்றிங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.

வாலாஜா_72:

நீங்க எல்லாம் இலையை, பூவைப் பயமுறுத்தறதாவே எழுதறீங்க. மெட்ஃபார்மினே செடியிலிருந்து வந்ததுதானே? அப்ப செடியை நேரா குடிச்சா என்ன தப்பு?

காட்பாடி_ஆய்வகம்:

செடியிலிருந்து வந்தது என்பது பாதிதான் சரி. ஐரோப்பாவில் கலேகா என்ற செடி, அதில் கலேஜின் என்ற பொருள். சர்க்கரையைக் குறைத்தது, ஆடு மாடு தின்றால் விஷமாகவும் ஆனது. அந்தக் குவானிடின் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் ஆய்வகத்தில் செய்த, விஷம் குறைந்த ஒன்றுதான் மெட்ஃபார்மின். பாரிசில் ஜான் ஸ்டெர்ன் 1957-ல் மனிதரில் அதன் பலனை வெளியிட்டார். அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது 1994-ல். இடையில் அத்தனை வருஷம் எத்தனை நோயாளிகளில் பார்த்திருக்கிறார்கள்! செடியை நேராகக் குடித்திருந்தால் கலேஜினைத்தான் குடித்திருப்போம்.

டபாகிளிஃப்ளோசின் போன்ற புது சர்க்கரை மாத்திரைகளின் மூதாதையும் ஆப்பிள் மரப் பட்டையில் 1835-ல் கிடைத்த ஃப்ளோரிசின்தான். செடி எனக்கு எதிரி இல்லை, என் தொழிலே செடி. ஆவாரையும் அந்த வரிசையில் ஒருநாள் நிற்கலாம். நிற்க வேண்டும் என்றால் முறையாகச் சோதித்தே ஆக வேண்டும்.

சத்துவாச்சாரி_ரிடையர்டு:

ஒரு விஷயம் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. சந்தையில ஒருத்தர் வித்த "சர்க்கரைப் பொடி" சாப்ட்டேன். பேரு வேணாம். முதல் வாரமே சர்க்கரை சர்ருன்னு இறங்கிச்சு, சந்தோஷமாத்தான் இருந்தது. ஒரு நாள் விடியக்காலையில நெஞ்சு படபடன்னு, பனியன் தண்ணியா நனைஞ்சு, கை நடுங்கி எழுந்தேன். வீட்டுக்காரி வெல்லத்தண்ணி கரைச்சுக் குடுத்தா. மெஷின்ல பார்த்தா 52. டாக்டர்கிட்ட போனப்ப, "அந்தப் பொடியில என்ன கலந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா"ன்னாரு.

காட்பாடி_ஆய்வகம்:

உயிர் தப்பினீர்கள் ஐயா. மூலிகைப் பொடி என்ற பெயரில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் கலந்து விற்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. ஒரே வாரத்தில் அப்படிச் சரசரவென்று இறங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். கலந்திருப்பதைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தட்டில் பக்கத்தில் சுத்தமான கிளிபென்கிளமைடுப் புள்ளி வைத்து ஓட்டினால் கலப்படம் காட்டிக்கொடுக்கும். மிச்சப் பொடி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் கொடுத்து வையுங்கள்.

எல்லாருக்கும் ஒன்று: சர்க்கரையைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டப்படி குற்றம். சுவரொட்டியில் அந்த வார்த்தையைப் பார்த்தாலே நடையைக் கட்டுங்கள்.

ஆரணி_சித்த_மருத்துவர்:

நானும் இதைச் சொல்கிறேன், சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி மயக்கத்தில்தான் கொண்டு வருவார்கள். எந்தக் குடிநீரும் இன்சுலினுக்குப் பதில் ஆகாது.

மாணவிக்கு: பூ எங்கே பறித்தீர்கள்?

அணைக்கட்டு_மாணவி:

ஜவ்வாது மலை அடிவாரம், ஒடுக்கத்தூர் தாண்டி சார். எங்க சொந்த நிலத்தின் வரப்பு. பாலாற்றங்கரையில் இன்னும் நிறைய இருக்கு, அடுத்த தடவை அங்கே பறிக்கலாம் என்று நினைத்தேன்.

ஆரணி_சித்த_மருத்துவர்:

பாலாற்றங்கரை வேண்டாம். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கப் போட்ட பட்டியலில் வேலூர், வட ஆற்காடு 81.79 மதிப்பெண்ணோடு கடும் மாசுப் பகுதிகளில் நின்றது. தோல் கழிவு இறங்கிய மண்ணில் குரோமியம் இருக்கும். அந்த மண்ணில் வளர்ந்த செடியைப் பறித்துக் காய்ச்சினால் என்ன குடிக்கிறோம் என்று சொல்ல முடியாது. அடிவாரத்துப் பூவுக்கும் கன உலோகச் சோதனை ஒன்று போட்டுவிடுங்கள்.

லாங்குபஜார்_சரக்கு:

இது எனக்கும் புதுசு டாக்டர். இனிமே மூட்டை எறக்கறவங்களை எங்க பறிச்சதுன்னு கேட்டுத்தான் வாங்கப் போறேன்.

காட்பாடி_ஆய்வகம்:

பூவை மட்டும் கொண்டுபோய்த் தாவரவியல் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். இலையும் காயும் உள்ள கிளையாகக் கொண்டு போங்கள். ஆவாரையின் இலைக்காம்பு அடியில் காது மடல் மாதிரி அகன்ற இலையடிச் செதில் இருக்கும், இலை ஜோடிகளுக்கு நடுவே நடுக்காம்பில் சின்னச் சுரப்பி நிற்கும். காய்ந்த மஞ்சள் இதழை மட்டும் பார்த்து இது ஆவாரை, இது கொன்றை என்று பிரிப்பது சிரமம். அழுத்தி உலர்த்திய மாதிரிக்கு எண் போட்டுக் கல்லூரியில் வைத்துவிடுங்கள். பழைய ஆய்வேடுகளில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும், இப்போது சென்னா ஆரிகுலேட்டா. இரண்டையும் எழுதுங்கள்.

அணைக்கட்டு_மாணவி:

டானின் நீக்கிச் செய்து பார்த்தேன் சார். தடுப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை, கொஞ்சம் நிற்கிறது. நெறியாளரிடம் இரண்டு எண்ணையும் காட்டினேன், இரண்டையும் போடச் சொல்லிவிட்டார்.

திட்டத்தை மாற்றியிருக்கிறேன். நிகோடினமைடு முறை. கொதிநீர்க் கஷாயம் 100 மற்றும் 200, எத்தனால் சாறு 200, மெட்ஃபார்மின் ஒப்பீடு. மெட்ஃபார்மினோடு கஷாயம் 100 சேர்த்து ஒரு குழுவும் கேட்டிருக்கிறேன், ஏனென்றால் பெரியம்மா மாதிரி நிறையப் பேர் இரண்டையும்தான் எடுக்கிறாங்க. நெறிமுறைக் குழுவுக்கு எலி எண்ணிக்கை கூடுகிறது, காரணம் எழுதித் தந்திருக்கிறேன்.

பெரியம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "கஷாயம் வேணும்னா குடிங்க, டாக்டருக்குத் தெரியட்டும். காலை மாத்திரையை விடாதீங்க. சோதனை முடிய மாசக் கணக்காகும், அதுவும் எலிக்குத்தான்." எச்பிஏ1சி எடுத்தோம், 9.1. மாத்திரையை மறுபடி இரண்டு வேளையும் ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னொரு சந்தேகம். கஷாயத்தைத் தினமும் புதுசாகக் காய்ச்சி எலிக்குக் கொடுப்பதா, ஒரே தடவை காய்ச்சி உலர்த்தி வைப்பதா?

காட்பாடி_ஆய்வகம்:

சேர்த்துக் கொடுக்கும் குழு அருமை, அதை யாரும் வெட்டச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். தாழ்சர்க்கரை வருகிறதா என்று அந்தக் குழுவில் மட்டும் மருந்து கொடுத்த இரண்டு மணி நேரத்திலும் ஒரு அளவு எடுங்கள்.

கஷாயம்: மொத்தமாக ஒரே தடவை காய்ச்சுங்கள். வீட்டில் செய்கிற மாதிரியே, இரண்டு டம்ளர் ஒரு டம்ளராக வற்றும் வரை. வடித்து, உறைநிலையில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அன்றன்றைக்கு எடையிட்டுத் தண்ணீரில் கரையுங்கள். தினம் காய்ச்சினால் தினம் ஒரு பலம் வரும், 28 நாளும் 28 மருந்தாகிவிடும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று நிறப்பிரிகைத் தட்டில் ஓட்டிப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு படமும் ஒத்துப்போக வேண்டும்.